பதினேழாம் இடமும் முப்பத்தாறு ஓட்டையும்

பிப்ரவரி பதினோராம் தேதி காலை, மிசோ சூப் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, ஒரு சக்கரத்தை என் கையாலேயே கட்டப் போகிறேன் என்று மனைவியிடம் அறிவித்தேன்.

"எந்தச் சக்கரம்?" என்றாள் சிஹாரு.

"சைக்கிளோட பின்சக்கரம்."

"கடையில கட்டித் தர மாட்டாங்களா?"

"தருவாங்க. ஆனா நானே கட்டணும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு வாரம். அதுவரைக்கும் உன் சைக்கிளை நான் எடுத்துக்கறேன். ஸ்டேஷனுக்குப் போகணுமே."

அவள் சுவரில் இருந்த நாட்காட்டி அருகே போய் ஏதோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். மாநகராட்சிக் கழிவுநீர்ப் பிரிவில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர் சப்போரோவுக்கு மாற்றலாகிப் போனார். போகும்போது தன் கியர் இல்லாத சைக்கிளை என்னிடம் கொடுத்தார். சட்டம் இருந்தது, முன்சக்கரம் இருந்தது. பின்சக்கரம் திருட்டுப் போயிருந்தது. அதற்குப் பதிலாக ஒரு வெற்று ரிம் கொடுத்தார். கம்பி இல்லை, நடுவில் ஹப் இல்லை, வெறும் வளையம். அதைக் கையில் வாங்கி அதன் வழியாக வானத்தைப் பார்த்தேன். வானம் அதற்குள் சரியாகப் பொருந்தியது. அந்தக் கணத்தில் நான் காதலில் விழுந்துவிட்டேன். என் பழைய சைக்கிளை அன்றைக்கே தம்பிக்குக் கொடுத்துவிட்டேன்.

சட்டம் எனக்குக் கொஞ்சம் சின்னதுதான். முழங்கால் இடிக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா மீன் சந்தையில் ஐஸ் கட்டி உடைத்தவர். நான் பட்டம் வாங்கிய நாளிலிருந்து எங்கள் உறவில் யாரும் தானாக ஒரு பொருளை வாங்குவதில்லை. அத்தைக்கு அரிசி குக்கர், சித்தப்பாவுக்குக் காது மெஷின், எல்லாம் என்னைக் கேட்டுத்தான். படித்தவன் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் படிப்புக்கே அவமானம். அதனால் நான் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆராய்கிறேன்.

ஹப் என்பது சக்கரத்தின் நடுவில் இருக்கும் சின்ன உருளை. நூல்கண்டுபோல இருக்கும். இரண்டு ஓரத்திலும் வட்ட விளிம்பு, விளிம்பைச் சுற்றி ஓட்டைகள், ஒவ்வோர் ஓட்டையிலிருந்தும் ஒரு கம்பி கிளம்பி ரிம்முக்குப் போகும். கியர் இல்லாத சைக்கிள்தானே, ஒரே பல்சக்கரம்தானே, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை வாங்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். பிறகு கண்ணைத் திறந்தேன்.

விளிம்பு சின்னதா, பெரிதா? உள்ளே தனித்தனிக் குண்டுகளா, மூடிய பேரிங்கா? கால் நின்றாலும் சக்கரம் ஓடிக்கொண்டே இருக்கும் வகையா, சக்கரம் சுழலும்வரை மிதிகட்டையும் விடாமல் சுழலும் வகையா? அல்லது ஒரு பக்கம் இது, மறு பக்கம் அது என்று கழற்றித் திருப்பிப் போடுகிற வகையா? மார்ச் முடிவதற்குள் குறிப்பேட்டில் நாற்பது பக்கம் ஆகிவிட்டது.

நாங்கள் குடியிருக்கும் சகாய், சைக்கிள் பாகங்கள் செய்வதற்குப் பேர்போன ஊர்; அவற்றைப் பற்றிக் கருத்து இல்லாத ஆளே இங்கே கிடையாது. முடிவெட்டுகிறவர்கூடப் பாதித் தலையில் கத்தரியை நிறுத்திவிட்டு "பெரிய விளிம்பு போடுங்க" என்பார். ஊரெல்லாம் கேட்டேன். ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் மினேகோ அக்காவிடம் சனிக்கிழமைதோறும் போனேன். அவர் காய்ந்த கணவாய்த் துண்டை மென்றுகொண்டே கண்ணாடிப் பெட்டியைத் திறந்துவிடுவார். நான் ஒவ்வொரு ஹப்பாக எடுத்து, அச்சை இரண்டு விரலால் பிடித்து, காதோரம் வைத்துச் சுற்றுவேன். சில ஹப்புகள் மணல் சரிவதுபோல ஒலிக்கும். சில, தூரத்தில் யாரோ அரிசி களைவதுபோல. ஒன்றே ஒன்று எந்த ஒலியும் இல்லாமல் சுழன்றது. அதைச் சுற்றினால் ஒலிப்பது அது அல்ல; சுற்றியிருக்கும் அமைதி.

"தம்பி," என்றார் மினேகோ அக்கா, "பொண்ணு பாக்க வந்துட்டு டீயை மட்டும் குடிச்சுட்டுப் போற மாப்பிள்ளைய நான் பாத்திருக்கேன். நாலு மாசமா வர்ற மாப்பிள்ளைய இப்பத்தான் பாக்கறேன்."

"இன்னும் ரெண்டு விஷயம் உறுதி பண்ணணும்க்கா."

"வீட்டுல கேட்டீங்களா?"

"சிஹாருவையா? அவளுக்கு இதெல்லாம் தெரியாது."

மினேகோ அக்கா மெல்லுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். மறுபடியும் மெல்ல ஆரம்பித்தார்.

அந்தச் சத்தமில்லாத ஹப் என் பகல் தூக்கத்தில் வர ஆரம்பித்தது. விடியற்காலை. இஷிசு ஆற்றங்கரை. பனி தண்ணீரைவிட்டு ஒரு முழம் மேலே நிற்கிறது. நான் சைக்கிளில் போகிறேன். போகிறேன் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. கரைதான் பின்னால் நழுவுகிறது. தண்ணீரில் ஒற்றைக் காலில் ஒரு நாரை. என் சக்கரம் அதன் அருகில் போகிறது. அது பறக்கவில்லை. தலையைத் திருப்பி, இன்னொரு நாரையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்கிறது.

"என்னங்க, சிரிக்கறீங்க?" என்று சிஹாரு உலுக்குவாள்.

"நாரை பறக்கல."

"எழுந்து போய் ஸ்டேஷன் பக்கத்துல வெங்காயத்தாள் வாங்கிட்டு வாங்க. என் சைக்கிள்லயே போங்க. அதுதான் உங்களுக்குப் பழகிப் போச்சே."

சிஹாருவின் சைக்கிள் முன்னால் கூடை வைத்தது, எருமை கனம், உட்கார்ந்தால் கல்யாண நாற்காலி மாதிரி இருக்கும். அதில்தான் நான் ஸ்டேஷனுக்குப் போய்வந்தேன். சிஹாரு ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறாள். மேட்டில் இருபத்தைந்து நிமிடம் ஏற வேண்டும். அவள் நடந்து போனாள். நடப்பது இதயத்துக்கு நல்லது என்று ஒரு கட்டுரையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கடைசி வரை அமைதியாகக் கேட்டாள்.

ஜூனில் மழை பிடித்தது. பால்கனியில் துணி உலரவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது என் ரிம் பால்கனிக் கம்பியில் கிடைமட்டமாகத் தொங்கியது. நாலு கயிற்றில் கட்டி, சுற்றிலும் நூலில் கிளிப் மாட்டி, ஒவ்வொரு கிளிப்பிலும் ஒரு காலுறை.

"சிஹாரு, அது சக்கரம்."

"சக்கரம் சுத்தணும். இது சும்மா ஆணியில தொங்கிட்டிருந்துச்சு. இப்பத்தான் சுத்துது, பாருங்க."

காற்று வந்தது. ரிம் மெதுவாகச் சுழன்றது. என் காலுறைகளும் அவள் காலுறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மழையை வேடிக்கை பார்த்தபடி வலம் வந்தன. உண்மையைச் சொல்கிறேன், பார்க்க அழகாக இருந்தது. கோபப்பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கால்மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி பதினேழாம் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் அடுக்குமாடியில் சைக்கிள் நிறுத்த வீட்டுக்கு இரண்டு இடம். எங்களுடையது பதினாறும் பதினேழும். ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் மூன்றாம் ஞாயிறு, குடியிருப்போர் சங்கத் தலைவர் குசுமோதோ-சான் பலகையில் தாளை மாட்டிக்கொண்டு வருவார். இரண்டு சக்கரம், காற்று, மணி. மூன்றும் இருந்தால் புதிய ஒட்டுச்சீட்டு. இல்லாவிட்டால் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். ஒருமுறை போனால் திரும்பக் கிடைக்க ஆறேழு வருடம். பதினேழில் நின்றது ஒற்றைச் சக்கரத்தோடு என் சைக்கிள், ஒரு பக்கம் செங்கல் முட்டுக்கொடுத்து. பட்டியலில் முதல் பெயர் மூன்றாம் மாடி இவாகிரி-சானுடையது. அந்த அம்மாள் புது சைக்கிள் வாங்கி வீட்டு நடையிலேயே வைத்திருந்தார். தினமும் கீழே வந்து என் செங்கல்லைப் பார்ப்பார்.

"ஹிராய்-சான், சக்கரம் எப்படி இருக்கு?"

ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரை விசாரிக்கும் குரல் அது.

"இன்னும் ஹப் முடிவாகலீங்க."

"அடடா. அவசரப்படாதீங்க. இதெல்லாம் நிதானமாப் பண்ண வேண்டிய வேலை. அடுத்த வருஷம்கூடப் பண்ணலாம்."

செப்டம்பர் கடைசியில் சிஹாரு கேட்டாள்.

"என்னங்க, பதினேழு போயிடுமா?"

"போகாது. முடிவு பண்ணிட்டேன்."

பண்ணியும்விட்டேன். சத்தமில்லாத ஹப். சின்ன விளிம்பு, மூடிய பேரிங், மிதிகட்டை விடாமல் சுழலும் வகை. மினேகோ அக்காவிடம் போனால் சிரிப்பார் என்று கியோட்டோவில் ஒரு கடைக்குத் தபாலில் எழுதினேன். அதற்குமுன் ஒன்றே ஒன்றை உறுதி செய்ய வேண்டியிருந்தது. ரிம்மில் எத்தனை ஓட்டையோ அத்தனை ஓட்டைதான் ஹப்பிலும் இருக்க வேண்டும். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் முப்பத்தாறு என்று எழுதியிருந்தேன். ஆனால் கவனமான ஆள் ஒருமுறை எண்ணியதை நம்புவதில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்றபடி எண்ணினேன். முப்பத்திரண்டு. மறுபடி எண்ணினேன். முப்பத்திரண்டு. காற்று நிற்கக் காத்திருந்து மூன்றாம் முறை எண்ணினேன். முப்பத்திரண்டு.

பிப்ரவரியில் நான் எவ்வளவு அனுபவமில்லாதவனாக இருந்திருக்கிறேன் என்று வியந்தேன். முப்பத்தாறை அடித்துவிட்டு முப்பத்திரண்டு என்று எழுதினேன். அளவு பார்த்த கம்பிகளோடு சேர்த்து வரவழைத்தேன்.

பரிசோதனைக்கு முந்தைய நாள், சனிக்கிழமை காலை, பெட்டி வந்தது. ஹப்பைக் காதோரம் வைத்துச் சுற்றினேன். அமைதி. நாரை தலையைத் திருப்பியது. காலுறைகளைக் கழற்றி, கிளிப்புகளை அறுத்து, கயிறுகளை அவிழ்த்து, ரிம்மை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டு மாதம் மனப்பாடம் செய்த வரிசை. என் விரல்கள் யோசிக்காமல் ஓடின. கடைசிக் கம்பியையும் கோர்த்து முடித்தேன். ரிம்மில் நாலு ஓட்டைகள் வெறுமையாக என்னைப் பார்த்தன.

கிளிப் கட்டிய ஓட்டைகள் முப்பத்திரண்டு. கயிறு கட்டிய ஓட்டைகள் நாலு. நான் எண்ணியது கிளிப்பை.

சிஹாரு அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சு போச்சு."

"அது என்ன நாலு ஓட்டை?"

"காத்து போக," என்றேன். பொய் எனக்கு வராது. "சிஹாரு, நான் கிளிப்பை எண்ணிட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப என்ன பண்ணலாம்?"

"ஒண்ணும் பண்ண முடியாது. இன்னொரு ஹப் தேர்ந்தெடுக்கணும். ஒரே நாள்ல எப்படி? விளிம்பே இன்னும்..."

"பெரிய விளிம்பு, முப்பத்தாறு ஓட்டை, உள்ள தனித்தனிக் குண்டு. ஒரு பக்கம் மிதி சுத்தற வகை, இன்னொரு பக்கம் மிதி நிக்கற வகை. சரியா இருக்குமா?"

நான் அவளைப் பார்த்தேன். எட்டு மாதத்தில் எங்கள் வீட்டுக்குள் யாரும் இப்படிப் பேசிக் கேட்டதில்லை.

"சரியா இருக்கும். ஏன் தனித்தனிக் குண்டு?"

"கெட்டுப்போனா வீட்டுலயே மாத்தலாம். மூடின பேரிங்னா தூக்கித்தான் போடணும்."

அவள் எழுந்து அலமாரியைத் திறந்து, அரிசி டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு, துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தாள். அவிழ்த்தாள். ஹப். வெள்ளியில் வார்த்ததுபோல. கூடவே ரப்பர் வளையம் போட்ட முப்பத்தாறு கம்பிகள்.

"இது எப்ப வாங்கின?"

"மார்ச் மாசம். மினேகோ அக்காகிட்ட."

"மார்ச்லயா? அவங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நான்தான் சொல்ல வேண்டாம்னேன். நீங்க சந்தோஷமாப் பாத்துட்டிருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்?"

"உனக்கு எப்படி இதெல்லாம்..."

"எங்கம்மா வீட்டுல என்ன கைவேலை பண்ணிட்டிருந்தாங்கன்னு நினைச்சீங்க?"

மாமியார் ஏதோ கைவேலை செய்தார் என்று தெரியும். பொம்மைக்குக் கண் ஒட்டுவது அல்லது குடைக்குப் பொத்தான் தைப்பது என்று நானாக நினைத்திருந்தேன். கேட்டதில்லை.

"ஃபேக்டரியிலேர்ந்து பெட்டி பெட்டியா ஹப் வரும். கிரீஸ் தடவி, பக்கத்துக்கு ஒம்பது குண்டு போட்டு, மூடி முறுக்கித் திருப்பி அனுப்பணும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதான் எனக்கு வேலை. பத்து வயசுக்குள்ள ஆயிரக்கணக்குல போட்டிருப்பேன். சாப்பாட்டு மேசையே கிரீஸ் நாத்தம் அடிக்கும்." அவள் அச்சை இரண்டு விரலால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். காதோரம் வைக்கவில்லை. விரல் நுனியிலேயே கேட்டாள். "நல்லா இருக்கு. கட்டுங்க."

"நாளைக்குள்ள முடியுமா?"

"எட்டு மாசம் படிச்சிருக்கீங்களே. நீங்க கம்பி கோருங்க. சங்கத்துப் படிவத்தை நான் நிரப்பிடறேன்."

என் வாழ்க்கையில் அதைவிட நல்ல பிற்பகல் வந்ததில்லை. பால்கனியில் வெயில் சாய்ந்திருந்தது. ஒவ்வொரு கம்பியாக ஹப்பிலிருந்து புறப்பட்டு ரிம்மில் போய்ச் சேர்ந்தது. பூ ஒன்று பின்னோக்கி மொட்டாகிறதோ, மொட்டு பூவாகிறதோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு கம்பியையும் விரலால் மீட்டி ஒலி பார்த்தேன். கோட்டம் எடுத்தேன். மாலை வெளிச்சத்தில் சக்கரத்தைச் சுழற்றிவிட்டபோது ரிம் எங்கேயும் இடதும் போகவில்லை, வலதும் போகவில்லை. நிற்பதுபோலவே ஓடியது. மிதிகட்டை விடாமல் சுழலும் பக்கத்தைச் சங்கிலிக்கு வைத்து மாட்டினேன். சிஹாரு பக்கத்தில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நன்றி சொன்னேன். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கீழே இறங்கினோம். என் சைக்கிள் பதினேழில் இரண்டு சக்கரத்தோடு நின்றது. செங்கல் அநாதையாகப் பக்கத்தில் கிடந்தது. இவாகிரி-சான் அங்கே துக்க வீட்டுக்கு வந்தவர்போல நின்றார்.

"நல்லா ஆயிடுச்சே, ஹிராய்-சான்," என்றார் மெல்ல. "சந்தோஷம்."

அப்போதுதான் கவனித்தேன். இருக்கை இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. சங்கிலி இருந்தது சக்கரத்தின் மறுபக்கத்துப் பல்லில், மிதிகட்டை நிற்கும் பக்கத்தில். யாரோ சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டிருந்தார்கள். நான் சிஹாருவைப் பார்த்தேன். அவள் கையில் திருகுச் சாவி இருந்தது.

குசுமோதோ-சான் டயரை அமுக்கினார். மணியை அடித்தார். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வாசித்தார்.

"பதினாறு. கூடை வெச்ச சைக்கிள். ஓட்டறவர் ஹிராய் ஷுன்பெய்."

"இல்லீங்க, அது..." என்றேன்.

"பதினேழு. கியர் இல்லாத சைக்கிள். ஓட்டறவர் ஹிராய் சிஹாரு." ஒட்டுச்சீட்டை ஒட்டிப் பெருவிரலால் அழுத்தினார். "பேர் மாத்தணும்னா அடுத்த அக்டோபர்ல சொல்லுங்க."

"சிஹாரு, என்ன இது?"

அவள் கைப்பையிலிருந்து நாட்காட்டித் தாள்களை எடுத்தாள். பிப்ரவரியிலிருந்து வரிசையாக. பதினோராம் தேதியில் சின்ன எழுத்தில், 'இன்று முதல் நடை.' அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளிலும் பென்சிலால் ஒரு குட்டிக் காலடி. மார்ச், ஏப்ரல், மே. மழை மாதத்துக் காலடிகளுக்குப் பக்கத்தில் ஒரு துளி வேறு வரைந்திருந்தாள்.

"இதயத்துக்கு ரொம்ப நல்லதுங்க," என்றாள். "எட்டு மாசத்துல நல்லாத் தெரிஞ்சுது. இனி நீங்களும் கொஞ்சம் பாருங்க."

"எனக்குத்தான் உன் சைக்கிள் இருக்கே. நடக்க வேண்டியதில்லையே."

"ஆமா. எனக்கு உங்கமேல இரக்கம் இருக்கு."

அவள் ஏறி உட்கார்ந்தாள். கால் தரையைச் சரியாகத் தொட்டது. முழங்கால் எங்கும் இடிக்கவில்லை. குறிப்பேட்டில் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் எழுதியதை அவள் அப்போதே பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. சரிவில் கால்களை அசைக்காமல் போனாள். சக்கரம் டிக், டிக், டிக் என்று சன்னமாகச் சொல்லிக்கொண்டே போனது. திருப்பம் வரை கேட்டது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கேட்டதுபோல இருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து, கன்னம் சிவக்க வந்தாள்.

"எங்க போன?"

"இஷிசு ஆத்தங்கரை. தண்ணியில ஒரு நாரை நின்னுட்டிருந்துச்சு."

"சத்தம் கேட்டுப் பறந்துடுச்சா?"

"இல்லையே. டிக் டிக்னு பக்கத்துல போனேன். தலையைத் திருப்பிப் பாத்துச்சு. அவ்வளவுதான்."

அவள் கண்ட கனவு அல்ல அது, என்னுடையது. ஆனால் சக்கரம் நான் கட்டியது. ஒரு கம்பிகூடத் தளரவில்லை என்று அவளே சொன்னாள். அதை இங்கே பதிவு செய்கிறேன்.

இப்போது நான் பதினாறாம் எண் சைக்கிளின் கூடைக்கு மழை உறை ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். வெங்காயத்தாள் நனைகிறது. உறையில் ஏழு வகை இருக்கிறது. குறிப்பேட்டில் பதினோரு பக்கம் ஆகிவிட்டது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் மட்டும் இன்னும் பார்க்கவில்லை.